அசுவினிக்கு எறும்பு காவல்: வாசகர் கேள்வி–பதில்

உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்தும் எதிர்த்தும் வாழ்வது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: செடியின் கொழுந்தில் அசுவினி (செடிப்பேன்) அப்பிக் கிடக்கிறது. எறும்புகளும் சாரை சாரையாக ஏறி இறங்குகின்றன. எறும்பு அசுவினியைத் தின்னத்தான் வருகிறதா? எதை முதலில் ஒழிப்பது?

தின்ன வரவில்லை, கறக்க வருகிறது. அசுவினி உறிஞ்சும் செடிச்சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலம் சொற்பம். அந்தச் சொற்பத்தைத் திரட்டுவதற்காக அது அளவுக்கு மீறிச் சாறு குடிக்கிறது. வேண்டாத சர்க்கரை பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியே வருகிறது. அந்த இனிப்புக் கழிவுதான் எறும்புக்குக் கூலி. பதிலுக்குப் பொறிவண்டின் புழுவையும் ஒட்டுண்ணிக் குளவியையும் எறும்பு விரட்டியடிக்கிறது. “இலையெல்லாம் கருகிவிட்டது” என்று எழுதியிருந்த மூன்று பேரும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு கையோடு வந்தால் அது கருகல் அல்ல, அந்த இனிப்பின் மேல் படர்ந்த கரும்பூஞ்சை.

ஆகவே மருந்து தெளிப்பதற்கு முன் எறும்பின் வழியை அடைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தண்டில், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், 5 செ.மீ. அகலக் காகிதத்தை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, காகிதத்தின் மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டின் மேல் நேராகத் தடவினால் பட்டை கெட்டுப்போகும். மேலே ஏற்கெனவே இருக்கும் எறும்புகளை உதறிவிடுங்கள். இரண்டு செடியிலும் ஐந்தைந்து கொழுந்துகளில் நூல் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை அதே கொழுந்துகளில் அசுவினியை எண்ணி எழுதுங்கள். இரண்டு வாரம் போதும்.

இந்தச் சோதனை பெரும்பாலும் பாலத்தால்தான் கெடும். பக்கத்துச் செடியின் ஒரே ஒரு இலை உரசினாலும், முட்டுக்கொடுத்த குச்சி ஒன்று இருந்தாலும் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். தூசி படிந்து கிரீஸ் காய்ந்தாலும் இதே கதை. பலத்த மழை பெய்தால் அசுவினி தானாகவே அடித்துப் போய்விடும், அந்த வார எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

கூட்டத்துக்குள் உப்பிப்போய், பழுப்புக் காகித நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். அவை செத்த அசுவினிகள், உள்ளே குளவிப் புழு வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். எறும்பை நிறுத்திய செடியில் இந்த உப்பிய ஓடுகள் கூடிக்கொண்டே போனால் மருந்துக்கு வேலையில்லை.

எறும்புப் புற்றையே அழிக்கச் சொல்லவில்லை. அதே எறும்பு இலை தின்னும் புழுக்களையும் இழுத்துப் போகிறது. புற்றில் புரதம் குறைந்தால் தான் காவல் காத்த அசுவினியையே தின்னவும் செய்யும்.

கேள்வி: பயறுச் செடியின் வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியா உண்மையிலேயே தழைச்சத்து (நைட்ரஜன்) தருகிறதா என்று ஆய்வுக்கூடம் இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். பூக்கத் தொடங்கும் பருவம்தான் சரியான நேரம். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்டைச் சுற்றி 15 செ.மீ. தள்ளி, 20 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மண்ணைக் கரையவிடுங்கள். பிறகு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு அல்லது சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு நிறமி அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்துகிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இளசு, அல்லது உதவாக்கரை. பச்சை, பழுப்பு என்றால் காலம் முடிந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. நூற்புழு தாக்கிய வேரிலும் முடிச்சு மாதிரியே தெரியும். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது, வேரைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

முடிச்சே இல்லாவிட்டால் முதல் சந்தேகம் உரத்தின் மேல்தான் வர வேண்டும். மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி பாக்டீரியாவை உள்ளே அனுமதிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அதற்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பது செலவு பிடித்த காரியம். இரண்டாவது, பொருந்தாத இனம். கொண்டைக்கடலைக்கு உரிய பாக்டீரியாவைத் தட்டைப்பயறு விதையில் பூசினால் பலன் கிடைக்காது. மண் அமிலத்தன்மை கூடியிருந்தாலும், மாலிப்டினம் என்னும் நுண்ணூட்டம் குறைந்திருந்தாலும் முடிச்சு சரியாகச் செயல்படாது.

சோம்பேறிப் பாக்டீரியாவைச் செடி கண்டுபிடிக்குமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கண்டுபிடிக்கும். 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் சோயா வேரின் சில முடிச்சுகளுக்கு மட்டும் நைட்ரஜன் நீக்கிய காற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த பாக்டீரியா விரும்பினாலும் வேலை செய்ய வழியில்லை. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது, பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. கூட்டுவாழ்வு என்று பாடப்புத்தகம் இனிமையாக எழுதும் உறவுக்குள் இப்படிக் கறாரான கணக்குவழக்கு உண்டு.

கேள்வி: கொசுவால் உலகில் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. ஏறத்தாழ 3,500 கொசு இனங்களில் மனிதருக்கு நோய் பரப்புபவை சிறு பகுதிதான். ஆண் கொசு கடிப்பதே இல்லை, பூந்தேன் குடிக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் வளரும் சிலவகை ஆர்க்கிடுகளுக்கு மகரந்தம் சுமப்பதும் கொசுதான். கொசுப்புழு மீனுக்கும் தும்பியின் குஞ்சுக்கும் இரை. உங்கள் வீட்டுத் தொட்டியில் வளர விட இது காரணமாகாது.

கேள்வி: உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சரியாக 10 சதவீத ஆற்றல்தான் போகும் என்கிறார்கள். இது யார் அளந்த கணக்கு?

ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கர். மினசோட்டாவில் சீடர் பாக் என்ற சிறிய ஏரியில் பாசி முதல் மீன்வரை அளந்து அவர் எழுதிய கட்டுரை 1942-இல் வெளிவந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை, சில மாதங்களுக்கு முன்பே 26 வயதில் இறந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கணக்கில் 10 என்ற எண்ணே வரவில்லை. தாவரம் தின்னும் உயிர்களுக்கு 13.3 சதவீதம், அவற்றைத் தின்னும் உயிர்களுக்கு 22.3 சதவீதம் என்றுதான் வந்தது. பல இடங்களில் பலர் அளந்ததன் தோராய சராசரிதான் பாடத்தில் உள்ள 10.

வெப்ப இரத்த விலங்குகளில் இது இன்னும் குறையும். பறவையும் பாலூட்டியும் செரித்த ஆற்றலில் பெரும்பகுதியை உடல்சூட்டுக்கே செலவழிக்கின்றன, உடலாக மாறுவது ஓரிரு சதவீதம். பூச்சிக்கு அந்தச் செலவு இல்லை. அதனால் “புல், வெட்டுக்கிளி, தவளை” சங்கிலிக்கும் “புல், முயல், நரி” சங்கிலிக்கும் ஒரே எண்ணைப் போட்டுக் கணக்குப் பண்ணினால் விடை தப்பும். தேர்வில் மட்டும் 10 போடுங்கள்.

கேள்வி: மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சின்னக் குளத்தை உருவாக்கப் பார்த்தோம். ஐந்தே நாளில் தண்ணீர் பால் போலக் கலங்கி நாறிவிட்டது. எங்கே தவறு?

நீங்கள் எழுதியிருந்த அளவுகளிலேயே விடை இருக்கிறது: ஒரு லிட்டர் குடுவை, ஒரு கைப்பிடி குளத்துச் சேறு, ஆறு நத்தை, ஒரு மீன். மீன் ஒன்றே அந்தக் குடுவைக்கு அதிகம்.

இரண்டு லிட்டர் குடுவையாக எடுங்கள், வாய் அகலமாக இருக்கட்டும். அடியில் நன்றாகக் கழுவிய மணல் 3 செ.மீ., அதன்மேல் குளத்துச் சேறு இரண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான். தண்ணீர் குளத்திலிருந்தே வரட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். முக்கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காற்று. ஹைட்ரில்லா மாதிரி மூழ்கி வளரும் நீர்ச்செடியில் 10 செ.மீ. துண்டுகள் மூன்று. பட்டாணி அளவு நத்தை இரண்டு. கண்ணுக்குத் தத்தித் தத்தித் தெரியும் நீர்த்தெள்ளு கிடைத்தால் ஒரு கரண்டி. வேறு எதுவும் வேண்டாம்.

உடனே மூடிவிடாதீர்கள். வலைத்துணி கட்டி ஒரு வாரம், வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். அந்த வாரத்தில் அமிலத்தன்மை காட்டும் தாளை (எண் கூடினால் அமிலம் குறைவு) விடியற்காலையிலும் மாலையிலும் நனைத்துப் பாருங்கள். மாலையில் எண் ஏறியிருக்கும். பகலில் செடி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் அமிலத்தன்மை குறைகிறது. இரவில் செடி, நத்தை, பாக்டீரியா எல்லாமே மூச்சுவிட்டு மறுபடி எண்ணை இறக்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம் நான்கைந்து நாள் ஒரே சீராக வந்தால் மூடலாம். ஏறவே இல்லையென்றால் செடி போதாது, அல்லது வெளிச்சம் போதாது.

பால் நிறக் கலங்கல் என்பது பாக்டீரியாப் பெருக்கம். அழுகும் பொருள் அதிகம் என்று அர்த்தம், பெரும்பாலும் செத்த நத்தை அல்லது நசுங்கிய இலை. அழுகிய முட்டை நாற்றம் வேறு சங்கதி. சேறு கனமாக இருந்து அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. மணல் கறுத்துக்கொண்டு வருவதைக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். தண்ணீர் பச்சையானால் பயப்பட வேண்டாம். அது மிதவைப்பாசி, நீர்த்தெள்ளு இருந்தால் சில நாளில் தின்று தெளிய வைக்கும். பாசி தீர்ந்தபின் நீர்த்தெள்ளு பட்டினியால் குறையும், பிறகு பாசி மறுபடி ஏறும். எண்ணிக்கையை எழுதிவைத்தால் இரண்டு அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரியும்.

வெயிலில் வைத்த குடுவை ஒரே மதியத்தில் செத்துப்போகும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, உயிர்களின் தேவையோ கூடுகிறது.

சோதனை முடிந்ததும் குடுவையில் உள்ளதை எடுத்த குளத்திலேயே விடுங்கள். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய செடியையும் நத்தையையும் மட்டும் எந்தக் குளத்திலும் கொட்டாதீர்கள். வெளியூர் இனங்கள் குளங்களைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான்.

கேள்வி: வேட்டையாடும் விலங்கை நீக்கிவிட்டால் மற்ற எல்லா உயிரினங்களும் பெருகத்தானே வேண்டும்?

ஒன்று பெருகும், பல காணாமல் போகும். சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையில், 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து பிய்த்து எறிந்துகொண்டே வந்தார். பக்கத்தில் அதே மாதிரி ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தார். நீக்கிய பகுதியில் முதலில் கொட்டலசு இடம்பிடித்தது. பிறகு மட்டிகள் வந்து எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. பாறையில் உணவுக்குப் பஞ்சமில்லை, ஒட்டிக்கொள்ளும் இடத்துக்குத்தான் போட்டி. அந்தப் போட்டியில் ஜெயிக்கும் மட்டியை நட்சத்திர மீன் தின்றுகொண்டே இருந்ததால்தான் தோற்பவர்களுக்கு இடம் கிடைத்தது. எண்ணிக்கைக்கு மீறிய செல்வாக்குள்ள இத்தகைய உயிரினத்தை 1969-இல் அவர் ‘கீஸ்டோன்’ இனம் என்றார்.

அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளிலும் இதே கதை. கடல் நீர்நாய் உள்ள தீவைச் சுற்றிக் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிக் காடு. நீர்நாய் இல்லாத தீவில் கடல் முள்ளெலிகள் பாசியை மேய்ந்து தீர்த்துவிட்டுப் பாறையில் கிடந்தன.

பலர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஓநாய்களைச் சுட்டியிருந்தீர்கள். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும் மான் குறைந்து, மரம் தழைத்து, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று பரவும் கதையை அப்படியே விழுங்காதீர்கள். மான் குறைந்ததில் கரடிக்கும், பூமாவுக்கும், பூங்காவுக்கு வெளியே நடந்த வேட்டைக்கும் பங்குண்டு. பல ஓடைகளில் வில்லோ மரம் பழைய உயரத்துக்கு இன்னும் வரவில்லை. ஓநாய் இல்லாத எழுபதாண்டுக் காலத்தில் அணை கட்டும் பீவரும் போய்விட்டது. அணையில்லாத ஓடை ஆழமாக அரித்துக்கொண்டு இறங்கியது, நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. மானை விரட்டினால் மட்டும் வேருக்குத் தண்ணீர் எட்டாது. எடுத்ததைத் திரும்ப வைத்தால் பழையபடி ஆகிவிடும் என்ற நினைப்பு இங்கே பொய்க்கிறது.

கேள்வி: அப்படியானால் பூச்சியைத் தின்னும் உயிரைக் கொண்டுவந்து விடுவது நல்லதா, ஆபத்தா? ஒட்டுண்ணி அட்டை (ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டை) கட்டியும் எங்களுக்குப் பலன் இல்லையே.

கொண்டுவரும் உயிர் எத்தனை விதமான இரையைத் தின்னும் என்று முதலில் கேளுங்கள். 1935-இல் ஹவாயிலிருந்து ஏறத்தாழ நூறு தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள், கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று. வண்டு கரும்பின் உச்சியில், அதன் புழு மண்ணுக்குள். தேரை இரண்டையும் எட்டவில்லை. ஆனால் தரையில் அகப்பட்ட மற்ற எல்லாவற்றையும் தின்று பெருகியது. அதன் தோல் நஞ்சு தெரியாமல் கவ்விய உடும்பும், குவோல் என்னும் சிறு ஊனுண்ணி விலங்கும் செத்தன.

கலிபோர்னியாவில் நடந்தது நேர்மாறு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த பஞ்சுச் செதில் பூச்சிக்காக 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பொறிவண்டு ஓரிரு ஆண்டில் அதை அடக்கியது. அந்த வண்டு பெரும்பாலும் அந்தச் செதில் பூச்சியையே நம்பி வாழ்வது. 1940-களில் அதே தோப்புகளில் டி.டி.டி. தெளித்தபோது வண்டு செத்தது, செதில் பூச்சி திரும்பி வந்தது.

உங்கள் அட்டைக்கு வருவோம். டிரைக்கோகிராமா குளவி முட்டையை மட்டுமே தாக்கும். இலையில் புழுவைப் பார்த்த பிறகு அட்டை கட்டுவது தாமதம். விளக்குப்பொறியிலோ இனக்கவர்ச்சிப் பொறியிலோ அந்துப்பூச்சி விழத் தொடங்கிய வாரமே கட்ட வேண்டும். குளவியின் ஆயுள் சில நாள்தான், ஆகவே அந்துப்பூச்சி விழும்வரை வாரம் ஒருமுறை புதிது கட்டுங்கள். இலையின் அடிப்பக்கம், நிழலில், மாலை நேரம். மருந்து தெளித்த வயலில் உடனே கட்டினால் வீண். இன்னொரு காரணமும் இருக்கலாம்: அட்டையில் உள்ள முட்டைகளை எறும்பு கொண்டுபோய்விடும். மறுநாள் காலை அட்டை வழித்தெடுத்தது போல இருந்தால் எறும்பின் வேலை. அட்டையைக் கிரீஸ் தடவிய நூலில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: காண்டாமிருகத்தின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவை அதற்கு நண்பனா?

ஆப்பிரிக்காவின் ஆக்ஸ்பெக்கர் பறவை உண்ணியைத் தின்கிறது, காயத்தைக் கொத்தி ரத்தமும் குடிக்கிறது. ஜிம்பாப்வேயில் மாடுகளை வைத்துச் செய்து 2000-இல் வெளியான ஆய்வில், பறவையை அண்டவிடாத மாடுகளில் உண்ணி கூடவில்லை, காயம்தான் சீக்கிரம் ஆறியது. இதைப் படித்துவிட்டு ஒட்டுண்ணி என்று தீர்ப்பெழுதிவிட வேண்டாம். கண்பார்வை மங்கிய கருப்புக் காண்டாமிருகம், அந்தப் பறவையின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு மனிதர் நெருங்குவதை முன்கூட்டியே அறிகிறது என்று 2020-இல் தென்னாப்பிரிக்காவில் காட்டினார்கள். உண்ணி மலிந்த காலம், காயம் உள்ள உடல், வேட்டைக்காரர் நடமாடும் காடு என்று இடத்துக்கு இடம் கணக்கு மாறும்.

கேள்வி: மரங்கள் பூஞ்சை வலையின் வழியே பேசிக்கொள்கின்றனவாமே? வேர்ப்பூஞ்சைத் தூள் வாங்கிப் போடலாமா?

வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வதில் சந்தேகமில்லை. பூஞ்சை இழை மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவருகிறது, செடி சர்க்கரை தருகிறது. 1997-இல் கனடாவின் வன ஆய்வாளர் சுசான் சிமார்டும் உடன் பணியாற்றியவர்களும் பிர்ச், டக்ளஸ் ஃபிர் மரக்கன்றுகளுக்கு இடையே கார்பன் இருபக்கமும் போய்வருவதைக் காட்டினார்கள். தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பது அதிலிருந்து வெகுதூரம் தாவிய பேச்சு. காட்டில் அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2023-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று எழுதியது.

தூளைப் பொறுத்தவரை, நாற்று நடும் குழியில் வேர் நேராகத் தொடும்படி போட்டால்தான் வேலை. மேலே தூவினால் பயனில்லை. மணிச்சத்து உரம் ஏற்கெனவே தாராளமாகப் போட்ட மண்ணில் செடி பூஞ்சையை ஏற்காது. முட்டைக்கோஸ், காலிபிளவர், கடுகு போன்றவற்றுக்கு வாங்கவே வேண்டாம், அந்தக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. பல காலமாக உழாமல், செடிகொடி மூடியே கிடக்கும் மண்ணில் பூஞ்சை ஏற்கெனவே இருக்கும். அங்கிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து நாற்றங்கால் மண்ணில் கலந்து, கலக்காத ஒரு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய்ப்பட்ட செடி நின்ற இடத்து மண்ணை மட்டும் எடுக்காதீர்கள், பூஞ்சையோடு நூற்புழுவும் வந்துவிடும்.